இரவில் எங்கே தூங்குகிறாய்? வீடற்ற மாணவரைப் பள்ளி கண்டறிந்து பதியும் முறை

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, நம் சங்கம் நடத்திய சனிக்கிழமை இலவசப் பிரத்தியேக வகுப்புக்குப் பெயர்ப்பதிவு செய்யும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. மலிவுவிலை அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் கீழ்த்தள மண்டபத்தில் வகுப்பு நடக்கும். ஐந்தாம் ஆண்டு, ஆறாம் ஆண்டு மாணவர்கள் முப்பது பேர்வரை வருவார்கள். தொலைவிலிருந்து வரும் பிள்ளைகளை ஏற்றி வருவதற்காக ஒரு வேனையும் வாடகைக்கு எடுத்திருந்தோம். பதிவுப் படிவத்தில் பெயர், பள்ளி, பெற்றோரின் கைப்பேசி எண், முகவரி என நான்கு கட்டங்கள் இருந்தன.

ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி முதல் வாரம் ஒரு முகவரி எழுதிக் கொடுத்தாள். மூன்றாவது வாரம் வேன் அங்கிள் அங்கே போய் ஹாரன் அடித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். வேறு படிவம் கொடுத்தேன். வேறு ஒரு தாமானின் பெயரை எழுதினாள். அதன்பின் இரண்டு வாரம் கழித்து, மூன்றாவதாக இன்னொரு முகவரி. “சொந்த முகவரியைக்கூட ஒழுங்காக எழுதத் தெரியாதா, தங்கச்சி?” என்று மற்றப் பிள்ளைகளின் முன்னிலையிலேயே கேட்டுவிட்டேன். “சாரிக்கா” என்று சொல்லிவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். அடுத்த வாரம் அவள் வரவில்லை. வேன் பட்டியலில் அவள் பெயரைக் கோடிட்டு அடித்து, பக்கத்தில் “முகவரி சரியில்லை” என்று எழுதி வைத்தேன்.

ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து, அவளுடைய வகுப்புத் தோழி வழியாகச் செய்தி தெரிய வந்தது. வாடகை கட்ட முடியாமல் வீட்டைக் காலி செய்துவிட்டு, அவளுடைய அம்மா மூன்று பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு சில நாள் சின்னம்மா வீட்டிலும், சில நாள் பாட்டி வீட்டிலும், இடையில் சில நாள் அம்மாவோடு வேலை செய்யும் ஒருவரின் வீட்டிலும் தங்கி வந்திருக்கிறார். அவள் எழுதித் தந்த மூன்று முகவரிகளும் உண்மையானவை. என் படிவத்தில்தான் ஒரு முகவரிக்கு மட்டும் இடம் இருந்தது.

அந்தக் குற்ற உணர்வுதான் என்னை இந்தத் தலைப்பைத் தேடிப் படிக்க வைத்தது. நிலையான வீடு இல்லாத மாணவனை ஒரு பள்ளி எப்படித் தெரிந்துகொள்வது? தெரிந்துகொண்டதை எப்படிப் பதிந்துவைப்பது? அந்தப் பதிவு அவனுக்கு அவமானமாக முடியாமல் உதவியாக அமைய வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும்? இவ்வினாக்களுக்கு மிக விரிவான சட்டத்தையும் நடைமுறையையும் வகுத்து, அதன் வெற்றி தோல்விகளை வெளிப்படையாகக் கணக்கிட்டுவரும் நாடு அமெரிக்கா. ஆகவே, அந்நாட்டு நடைமுறையை முதலில் விளக்கிவிட்டு, பிறகு நம் பக்கம் வருகிறேன்.

சட்டம் பிறந்த கதை

அமெரிக்காவில் ஒரு பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கலாம் என்பதைப் பெரும்பாலும் அவனுடைய முகவரியே தீர்மானிக்கிறது. நாடு ஆயிரக்கணக்கான பள்ளி மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பள்ளிச் செலவில் கணிசமான பகுதி அந்தந்த வட்டாரத்தின் சொத்து வரியிலிருந்து வருகிறது. எனவே, “இந்தப் பிள்ளை உண்மையில் நம் எல்லைக்குள் வசிப்பவன்தானா?” என்று பள்ளி நிர்வாகம் கேட்பது அங்கே வழக்கமான ஒன்று. வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது போன்றவற்றைக் காட்டினால்தான் சேர்க்கை.

1980-களில் வேலையின்மையும் வாடகை உயர்வும் சேர்ந்து, குடும்பம் குடும்பமாக மக்கள் வீடிழந்து தற்காலிகக் காப்பகங்களுக்கு வந்து சேர்ந்தனர். காப்பகத்தில் தங்கியிருக்கும் பிள்ளைக்கு வாடகை ஒப்பந்தம் எங்கிருந்து வரும்? பழைய பள்ளி, “நீ இப்போது எங்கள் எல்லையில் இல்லை” என்றது. காப்பகம் இருந்த வட்டாரத்துப் பள்ளியோ, “நீ எங்கள் வட்டாரத்தின் நிரந்தரக் குடியிருப்பாளன் அல்ல” என்றது. இரண்டுக்கும் நடுவில் பிள்ளையின் படிப்பு நின்றது.

இந்நிலையில்தான் 1987 ஜூலை 22-ஆம் நாள் அதிபர் ரொனால்ட் ரேகன் வீடற்றோர் உதவிச் சட்டத்தில் கையொப்பமிட்டார். அதற்காகப் பாடுபட்ட கனெக்டிகட் மாநிலக் குடியரசுக் கட்சி உறுப்பினர் ஸ்டூவர்ட் மெக்கின்னி அதே ஆண்டு மே மாதம் காலமாகிவிட்டதால், சட்டத்துக்கு அவருடைய பெயர் சூட்டப்பட்டது. 2000-ஆம் ஆண்டில் மினசோட்டாவைச் சேர்ந்த ஜனநாயகக் கட்சி உறுப்பினர் புரூஸ் வென்டோ மறைந்தபோது அவர் பெயரும் இணைக்கப்பட்டது. அன்றுமுதல் இது மெக்கின்னி–வென்டோ சட்டம் என வழங்கப்படுகிறது. எதிரெதிர்க் கட்சிகளைச் சேர்ந்த இருவரின் பெயரை ஒரே சட்டம் தாங்கி நிற்பது கவனிக்கத்தக்கது.

தொடக்கத்தில் இச்சட்டம் மாநில அளவில் ஓர் ஒருங்கிணைப்பாளரை மட்டுமே கேட்டது. 2001-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்வழி, ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் இதற்கெனத் தொடர்பு அலுவலர் ஒருவரை நியமித்தே ஆக வேண்டும் என்ற கடப்பாடு வந்தது. 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த அலுவலரின் கடமைகளை மேலும் விரிவாக்கியதோடு, மாணவரைப் பற்றிய தகவலின் இரகசியத்தையும் உறுதிப்படுத்தியது.

மூன்று சொற்களும் ஓர் இரவும்

யார் வீடற்றவர்? நம்மில் பலருக்கு இந்தச் சொல்லைக் கேட்டதும் பாலத்தடியில் அட்டையை விரித்துப் படுத்திருக்கும் ஒரு முதியவரின் உருவமே நினைவுக்கு வரும். அமெரிக்கக் கல்விச் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. நிலையான, வழக்கமான, போதுமான இரவு உறைவிடம் இல்லாத பிள்ளை எவனோ அவன் வீடற்றவன் என்று அது வரையறுக்கிறது.

நிலையான என்றால், இடம் மாறாத, நிரந்தரமான இடம். வழக்கமான என்றால், ஒவ்வோர் இரவும் திரும்பிச் செல்லக்கூடிய இடம். போதுமான என்றால், ஒரு வீட்டில் மனிதனின் உடலுக்கும் மனத்துக்கும் வேண்டியவை கிடைக்கும் இடம். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் பள்ளி அப்பிள்ளையின் நிலையைக் கவனித்துப் பார்க்க வேண்டும். பகலில் பிள்ளை எங்கே இருக்கிறான் என்பது இங்கே கேள்வி அன்று. இரவில் எங்கே தூங்குகிறான் என்பதே அளவுகோல்.

இதன் அடிப்படையில் பள்ளிகள் மாணவரின் இரவு உறைவிடத்தை நான்கு வகையாகப் பதிவு செய்கின்றன. முதலாவது, காப்பகம் அல்லது இடைக்காலக் குடியிருப்பு. இரண்டாவது, வீட்டை இழந்ததாலோ பணநெருக்கடியாலோ உறவினர் அல்லது நண்பர் வீட்டில் ஒண்டியிருத்தல். மூன்றாவது, வேறு போக்கிடம் இல்லாமல் ஹோட்டல், மோட்டல் அறையில் தங்கியிருத்தல். நான்காவது, கார், பூங்கா, பேருந்து நிலையம், கைவிடப்பட்ட கட்டடம் போன்ற, மனிதர் தூங்குவதற்கென அமையாத இடங்கள்.

இந்நான்கில் இரண்டாவது வகைதான் மிகப் பெரியது. அமெரிக்கப் பள்ளிகள் அடையாளம் கண்ட வீடற்ற மாணவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் இப்படி மற்றவர் வீட்டில் ஒண்டியிருப்பவர்களே. அவர்கள் தலைக்குமேல் கூரை இருக்கிறது. ஆனால், நாளை அதே கூரையின் கீழ் இருக்கலாமா என்பது வேறொருவரின் மனநிலையைப் பொறுத்தது. பெரியம்மாவுக்கும் அம்மாவுக்கும் ஒரு வாய்ச்சண்டை வந்தால் மறுநாள் காலை புத்தகப்பையோடு வேறு இடம் தேட வேண்டும்.

இங்கே ஒரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். பாட்டியின் அன்பில், குடும்ப வழக்கப்படி, பெற்றோரின் விருப்பத்தின்பேரில் கூட்டுக் குடும்பமாக வாழ்வது வீடற்ற நிலை ஆகாது. சேர்ந்து வாழ்வதற்கான காரணம் என்ன என்பதைச் சட்டம் பார்க்கிறது. வீட்டை இழந்ததாலா? பணமுடையாலா? அல்லது அவர்களே விரும்பி ஏற்றுக்கொண்ட வாழ்க்கையா? இந்தக் கேள்வியைக் கேட்காமல் முகவரியை மட்டும் பார்த்தால் இரண்டு குடும்பங்களும் ஒன்றுபோலவே தெரியும்.

பெற்றோரோ பாதுகாவலரோ உடன் இல்லாமல் தனியாக இருக்கும் இளையோரைச் சட்டம் தனித்துக் கவனிக்கிறது. வீட்டிலிருந்து விரட்டப்பட்டவர்கள், வன்முறைக்கு அஞ்சி ஓடி வந்தவர்கள், நண்பன் வீட்டு நாற்காலியில் மாதக்கணக்கில் தூங்குபவர்கள் ஆகியோர் இதில் அடங்குவர். இவர்களுக்குக் கையொப்பமிடப் பெரியவர் இல்லை என்பதற்காகப் பள்ளிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது.

கண்டறியும் கலை

வீடற்ற மாணவன் தானாக வந்து “எனக்கு வீடில்லை” என்று சொல்வது அரிது. வெட்கம் ஒரு காரணம். தெரிந்தால் பிள்ளையை அரசாங்கம் பிரித்துக்கொண்டு போய்விடுமோ என்ற பெற்றோரின் அச்சம் இன்னொரு காரணம். வீட்டு உரிமையாளருக்குச் செய்தி போனால் இடம் கொடுத்த உறவினருக்கும் ஆபத்து என்பது மூன்றாவது. தன் நிலைக்கு அப்படி ஒரு பெயர் இருப்பதே பலருக்குத் தெரியாது என்பது நான்காவது. ஆகவே, கண்டறியும் பொறுப்பைச் சட்டம் மாணவர் தலையில் சுமத்தாமல் பள்ளி மாவட்டத்தின் தலையில் வைத்தது. தொடர்பு அலுவலரின் முதல் கடமையே இதுதான்.

அவர் கையாளும் முதல் கருவி ஒரு பக்கக் கேள்வித்தாள். பள்ளியில் சேரும்போதும், பல இடங்களில் ஆண்டுதோறும், எல்லா மாணவரின் குடும்பத்துக்கும் அது கொடுக்கப்படுகிறது. கலிபோர்னியா மாநிலம் 2021-இல் இயற்றிய ஒரு சட்டத்தின்வழி, ஆண்டுக்கு ஒருமுறை இக்கேள்வித்தாளைக் கொடுப்பதைக் கட்டாயமாக்கியது. எல்லாருக்கும் கொடுப்பதில்தான் அதன் நுட்பம் இருக்கிறது. சந்தேகப்பட்ட ஒரு மாணவனை மட்டும் அழைத்துக் கேட்டால் அதுவே முத்திரை ஆகிவிடும்.

அத்தாளில் வீடற்றவர் என்ற சொல்லைத் தவிர்ப்பதே நல்ல நடைமுறை எனக் கருதப்படுகிறது. “நீங்கள் வீடற்றவரா?” என்று கேட்டால், அக்காள் வீட்டு முன்னறையில் பாய் விரித்துப் படுக்கும் குடும்பம் “இல்லை” என்றே பதில் சொல்லும். மாறாக, “மாணவர் தற்போது இரவில் எங்கே தங்குகிறார்?” என்று கேட்டு, சொந்த வீடு, வாடகை வீடு, வீட்டை இழந்ததால் உறவினர் அல்லது நண்பர் வீடு, மோட்டல், காப்பகம், வாகனம் எனப் பட்டியலிட்டால், உண்மைக்கு நேரே குறியிடுவது எளிதாகிறது. சூழ்நிலையைக் கேட்க வேண்டும். பெயர் சூட்டும் வேலை அலுவலருடையது.

இரண்டாவது கருவி, பள்ளியில் வேலை செய்யும் எல்லாரின் கண்களும். ஆசிரியர் மட்டுமல்லர், அலுவலக எழுத்தர், சிற்றுண்டிச்சாலைப் பணியாளர், பேருந்து ஓட்டுநர் ஆகியோருக்கும் பயிற்சி தரப்படுகிறது. ஒரே ஆண்டில் பல பள்ளி மாறிய வரலாறு, அடிக்கடி தாமதம், வகுப்பில் தூங்கி வழிதல், வாரக்கணக்கில் ஒரே சட்டை, எல்லாப் பொருளையும் பையிலேயே சுமந்து திரிதல், வெள்ளிக்கிழமை மதியம் அளவுக்கு மீறி உண்ணுதல், முகவரி கேட்டால் தயங்குதல் முதலியவை அவர்கள் கவனிக்கும் அறிகுறிகள். இவற்றில் எதுவும் தனித்து நின்று எதையும் நிரூபிப்பதில்லை. தொடர்பு அலுவலர் அமைதியாக ஒருமுறை பேசிப் பார்க்க வேண்டும் என்பதை உணர்த்துவதற்கு மட்டுமே அவை பயன்படும்.

மூன்றாவது, வெளியுலகத் தொடர்பு. காப்பகம், மலிவு மோட்டல், துணி சலவை நிலையம், நூலகம், உணவு வழங்கும் நிலையம் ஆகிய இடங்களில் மாணவரின் உரிமைகளை எடுத்துக்கூறும் சுவரொட்டிகளை ஒட்ட வேண்டும் என்பதும் அலுவலரின் பணி.

செய்யக் கூடாதவையும் உண்டு. சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வதற்காக வீட்டு உரிமையாளரைத் தொலைபேசியில் அழைத்து, “உங்கள் வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள்?” என்று விசாரிப்பது மாணவரின் இரகசியத்தை மீறும் செயல். அப்படி ஒரு தொலைபேசி அழைப்பே அந்தக் குடும்பத்தை இருக்கும் இடத்திலிருந்தும் வெளியேற்றிவிடக்கூடும்.

பதிவேட்டில் என்ன எழுதப்படுகிறது?

கண்டறிந்தபின் வருவது பதிவு. மாணவர் தகவல் முறையில் மேற்சொன்ன நான்கு வகையில் ஒன்று குறிக்கப்படும். ஓராண்டில் ஒரு பிள்ளை மோட்டலில் தொடங்கி, சித்தி வீட்டுக்குப் போய், காப்பகத்தில் முடிக்கலாம். அப்படியிருக்க எதைக் குறிப்பது? நாட்டளவிலான கணக்குக்கு, முதன்முதலில் கண்டறியப்பட்ட நாளில் எங்கே தங்கியிருந்தானோ அந்த இடமே எடுத்துக்கொள்ளப்படுகிறது. பெற்றோர் துணையின்றி இருப்பவனா என்பது தனியாகக் குறிக்கப்படும்.

ஒரு கல்வியாண்டின் ஏதாவது ஒரு நாளில் வீடற்றவனாகக் கண்டறியப்பட்டாலும் அவ்வாண்டின் கணக்கில் அவன் சேர்வான். நடுவில் குடும்பத்துக்கு நல்ல வீடு கிடைத்துவிட்டாலும், அக்கல்வியாண்டு முடியும்வரை அதே பள்ளியில் தொடரும் உரிமை அவனுக்கு உண்டு. புது வீட்டின் சாவி கைக்கு வந்த அன்றே எல்லாத் துன்பமும் தீர்ந்துவிடுவதில்லை என்பதை இதன்வழி சட்டம் ஏற்றுக்கொள்கிறது எனலாம்.

பெயர், வகுப்பு, பெற்ற விருது போன்ற சில தகவல்களை அமெரிக்கப் பள்ளிகள் பொதுத் தகவலாக வெளியிடலாம். மாணவரின் வாழ்விட நிலை பற்றிய தகவலை அவ்வாறு வெளியிடக் கூடாது என்று 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் தெளிவாக்கியது. அது 1974-ஆம் ஆண்டுக் கல்விப் பதிவு இரகசியச் சட்டத்தால் பாதுகாக்கப்படும் தகவலாகும். வேலைக்கு அவசியம் தெரிய வேண்டியவருக்கு மட்டுமே அது தெரிய வேண்டும்.

பதிவு திறக்கும் கதவுகள்

பதிந்துவைப்பதோடு நின்றுவிட்டால் இத்தனையும் வீண். பதிவு விழுந்த கணத்திலிருந்து மாணவனுக்குச் சில உரிமைகள் கிடைக்கின்றன. முகவரிச் சான்று, தடுப்பூசிச் சான்று, முந்தைய பள்ளிப் பதிவு என எதுவும் கையில் இல்லாவிட்டாலும் அவனை உடனடியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். தாள்களைத் தேடிப் பிடிப்பது பள்ளியின் வேலை. வீட்டை இழக்கும்முன் படித்த பள்ளியிலேயே, அவனுக்கு அதுவே நல்லது என்றால், தொடரலாம். அதற்குப் போக்குவரத்து ஏற்பாட்டைப் பள்ளி மாவட்டம் செய்து தர வேண்டும். தனி விண்ணப்பமின்றி இலவச உணவு கிடைக்கும். பள்ளிக்கும் குடும்பத்துக்கும் கருத்து வேறுபாடு எழுந்தால், தீர்ப்பு வரும்வரை பிள்ளை வகுப்பில்தான் இருப்பான்.

பல்கலைக்கழக மாணவராகிய நம்மைக் கவரக்கூடிய ஓர் உரிமையும் இதில் உண்டு. அமெரிக்காவில் உயர்கல்வி நிதியுதவிக்கு விண்ணப்பிக்கும்போது பெற்றோரின் வருமான விவரத்தைக் கொடுக்க வேண்டும். பெற்றோரைப் பிரிந்து வாழும் இளைஞன் அதை எங்கே போய் வாங்குவான்? 2007-இல் வந்த ஒரு சட்டம், துணையற்ற வீடற்ற இளைஞன் எனப் பள்ளித் தொடர்பு அலுவலர் உறுதி செய்தால், பெற்றோர் விவரமின்றியே தனித்து நிற்கும் மாணவனாக விண்ணப்பிக்க வழிசெய்தது. உயர்நிலைப்பள்ளியில் ஓர் அலுவலர் இட்ட ஒரு குறி, பல்கலைக்கழக வாயில்வரை கூடவே வருகிறது.

எண்ணிக்கை சொல்வதும் சொல்லாததும்

2022–23-ஆம் கல்வியாண்டில் அமெரிக்க அரசாங்கப் பள்ளிகள் ஏறத்தாழ 13 இலட்சத்து 70 ஆயிரம் வீடற்ற மாணவர்களைக் கண்டறிந்தன. ஆனால், அந்நாட்டு வீடமைப்புத் துறை ஜனவரி மாதத்தில் ஓர் இரவு எடுக்கும் கணக்கு வேறு கதை சொல்கிறது. 2024 ஜனவரியில் எடுத்த கணக்கில் பெரியவர், சிறியவர் எல்லாரும் சேர்ந்தே ஏறத்தாழ 7 இலட்சத்து 71 ஆயிரம் பேர்தான். அவர்களில் 18 வயதுக்குட்பட்டோர் ஒன்றரை இலட்சத்தை ஒட்டியிருந்தனர். ஏன் இத்தனை வேறுபாடு? ஒரு கணக்கு ஆண்டு முழுவதற்குமானது. மற்றொன்று ஓர் இரவுக்கானது. பள்ளிக் கணக்கில் உறவினர் வீட்டில் ஒண்டியிருப்போர் உண்டு; வீடமைப்புத் துறையின் கணக்கில் அவர்கள் இல்லை. யாரை எண்ணுகிறோம் என்பதே எத்தனை பேர் என்பதைத் தீர்மானிக்கிறது.

இன்னொரு பாடம் கோவிட் காலத்தில் கிடைத்தது. 2019–20-இல் ஏறத்தாழ 12 இலட்சத்து 80 ஆயிரமாக இருந்த எண்ணிக்கை, 2020–21-இல் ஏறத்தாழ 11 இலட்சமாகக் குறைந்தது. வேலையிழப்பு பெருகிய ஆண்டில் வீடற்ற மாணவர் குறைவார்களா? பள்ளிகள் மூடியிருந்தன, பிள்ளையின் களைத்த முகத்தைப் பார்க்க ஆசிரியருக்கு வாய்ப்பில்லை, கணினித் திரையில் தலை மட்டுமே தெரிந்தது. குறைந்தது கண்டறிதலே அன்றி வீடின்மை அல்ல என்பதே பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட விளக்கம். அந்தப் பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடித்து உதவுவதற்காக 2021-இல் அமெரிக்க அரசு 80 கோடி டாலர் சிறப்பு நிதி ஒதுக்கியது.

பள்ளி தவறாமல் பார்க்கிறதா என்பதும் கேள்விதான். பொது நேர்மைக்கான மையம் என்னும் புலனாய்வு இதழியல் அமைப்பு 2022-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 3 இலட்சம் மாணவர்கள் கண்டறியப்படாமல் விடுபட்டிருக்கலாம் என மதிப்பிட்டது. வறுமை அளவைப் பார்த்தால் நம்ப முடியாத நிலையிலும், ஏறத்தாழ 2,400 பள்ளி மாவட்டங்கள் தம்மிடம் ஒரு வீடற்ற மாணவர்கூட இல்லை என்று அறிக்கை தந்திருந்தன. தொடர்பு அலுவலர்கள் பலர் வேறு பல வேலைகளுக்கு நடுவே இதையும் சுமப்பவர்கள் என்பதை நினைத்தால் இது வியப்பளிக்காது. சுழியம் என்ற எண்ணைப் பார்த்ததும் மகிழ்ந்துவிடக் கூடாது. யாரும் இல்லையா, யாரும் கேட்கவில்லையா என்று ஒருமுறை யோசிக்க வேண்டும்.

நம் பக்கம் திரும்பினால்

நமக்கு இந்தக் கதை அந்நியமானதன்று. தோட்டப்புறத்தில் வீடு என்பது வேலையோடு சேர்ந்து வந்தது. வேலை போனால், தோட்டம் கைமாறினால், லயத்து வீடும் போயிற்று. தோட்டங்கள் மேம்பாட்டுக்காக விற்கப்பட்ட காலத்தில் நம் குடும்பங்கள் பல புறம்போக்கு நிலத்துக்கும், தற்காலிக நீண்ட வீடுகளுக்கும், பின்னர் அடுக்குமாடிக்கும் இடம்பெயர்ந்தன. அந்த இடைக்காலத்தில் பிள்ளைகளை அத்தை வீட்டிலோ மாமா வீட்டிலோ விட்டுவைத்த கதையை நம் தாத்தா பாட்டியிடம் கேட்டால் சொல்வார்கள். அதை அவர்கள் வீடின்மை என்று அழைத்ததில்லை. “கஷ்ட காலம்” என்றுதான் அழைத்தார்கள்.

மலேசியாவின் 1977-ஆம் ஆண்டு ஆதரவற்றோர் சட்டம், பொது இடத்தில் பிச்சையெடுப்பவரையும், அங்கே பிழைப்பும் தங்குமிடமும் இன்றிக் காணப்படுபவரையும் பற்றிப் பேசுகிறது. அதாவது, அதன் பார்வை வீதியோடு நிற்கிறது. சிங்கப்பூரில் 2019-இல் ஆய்வாளர்கள் நடத்திய நாடளாவிய கணக்கெடுப்பில் ஏறத்தாழ ஆயிரம் பேரும், 2022 நவம்பரில் அரசு நடத்திய கணக்கெடுப்பில் 530 பேரும் வீதியில் உறங்குவதாகக் கண்டறியப்பட்டது. அவை பயனுள்ள முயற்சிகள். எனினும், வீதியில் எண்ணும் எந்தக் கணக்கிலும் சின்னம்மா வீட்டுக் கூடத்தில் படுத்திருக்கும் ஐந்தாம் ஆண்டு மாணவி அகப்பட மாட்டாள்.

நல்ல முன்மாதிரி நம் நாட்டிலேயே இருக்கிறது. பிறப்புப் பத்திரம் இல்லாததால் பள்ளி வாசலிலிருந்து திரும்பிய நம் பிள்ளைகளை நாம் அறிவோம். பெற்றோரில் ஒருவர் மலேசியராக இருந்தும் ஆவணம் இல்லாத பிள்ளைகளைத் திருப்பி அனுப்பாமல் சேர்த்துக்கொண்டு, ஆவணத்தைப் பின்னர் முடிக்க அவகாசம் தரும் நடைமுறையை 2019-இல் கல்வியமைச்சு எளிதாக்கியது. முதலில் பிள்ளை வகுப்பறைக்குள், தாள்கள் பிறகு. மெக்கின்னி–வென்டோ சட்டத்தின் அடிநாதமும் இதுவே. பிறப்புப் பத்திரத்துக்குப் பொருந்தும் இந்த நியாயம் மின்கட்டண ரசீதுக்கும் பொருந்தாதா?

உதவித்தொகைக்கும் உணவுத் திட்டத்துக்கும் நாம் நிரப்பிக் கொடுக்கும் படிவங்களில் குடும்ப வருமானத்தைக் கேட்கிறோம். வறுமையை அது காட்டும். ஆனால், ஒரே வருமானமுள்ள இரண்டு குடும்பங்களில் ஒன்றுக்கு வீட்டுச் சாவி இருக்கலாம். மற்றொன்றுக்கு இல்லாமல் இருக்கலாம். வீட்டுப்பாடம் செய்ய மேசை உள்ளதா, சீருடை எந்த வீட்டில் காய்கிறது, நாளைக் காலை எந்தப் பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் சாவியைப் பொறுத்தவை.

நாம் செய்யக்கூடியது

சட்டம் இயற்றும் இடத்தில் நாம் இல்லை. ஆனால், படிவம் அச்சடிக்கும் இடத்தில் இருக்கிறோம். நாடெங்கும் தமிழ்ச் சங்கங்கள் பிரத்தியேக வகுப்பும் தன்முனைப்பு முகாமும் நடத்துகின்றன. ஒவ்வொன்றும் ஒரு பெயர்ப்பட்டியலை உருவாக்குகிறது. அதனால், மறு ஆண்டு செயலவைக் கூட்டத்தில் மூன்று மாற்றங்களை முன்வைத்தேன்.

முதலாவதாக, முகவரி என்ற ஒற்றைக் கட்டத்தை எடுத்துவிட்டு, “இந்த வாரம் எங்கே வந்து உன்னை ஏற்றிக்கொள்ள வேண்டும்?” என்று கேட்டோம். பதில் வாரந்தோறும் மாறலாம் என்றும் அதன் கீழேயே அச்சிட்டோம். இரண்டாவதாக, “தற்போது யாருடைய வீட்டில் தங்கியிருக்கிறாய்?” என்ற கேள்விக்குச் சொந்த வீடு, வாடகை வீடு, உறவினர் அல்லது நண்பர் வீடு, இல்லம், மற்றவை எனக் கட்டங்களை வைத்து எல்லாப் பிள்ளைகளிடமும் கொடுத்தோம். மூன்றாவதாக, அந்தத் தாள்களைப் படிக்கும் பொறுப்பை ஒருவரிடம் மட்டும் கொடுத்தோம். வேன் அங்கிளுக்கு ஏற்றும் இடம் மட்டும் தெரிந்தால் போதும், காரணம் வேண்டாம்.

“இவ்வளவு சின்ன வகுப்புக்கு இத்தனை பெரிய யோசனையா?” என்று ஒரு நண்பர் கேட்டார். முப்பத்திரண்டு தாள்கள் திரும்பி வந்தன. மூன்று தாள்களில் உறவினர் அல்லது நண்பர் வீடு என்ற கட்டத்தில் குறி இருந்தது. அவற்றில் ஒரு தாளில், அம்மாவின் கையெழுத்தில், “செவ்வாய்க்கிழமை கூப்பிடுங்கள், எங்கே இருப்போம் என்று சொல்கிறேன்” என்று எழுதியிருந்தது. செவ்வாய்க்கிழமைதோறும் கூப்பிட்டோம். அந்தப் பையன் அவ்வாண்டு ஒரு சனிக்கிழமைகூட வகுப்புக்கு மட்டம் போடவில்லை.

முந்தைய ஆண்டு நான் கோடிட்டு அடித்த பெயருக்கு அந்தப் படிவம் ஓராண்டு தாமதமாக வந்தது. அந்தப் பழைய பட்டியலை இன்னும் வைத்திருக்கிறேன். சங்கத்தில் புதிதாகப் பொறுப்பேற்கும் தம்பி தங்கைகளுக்கு அதைக் காட்டி, “முகவரி சரியில்லை” என்று நான் எழுதிய வரியைப் படிக்கச் சொல்வேன். பிறகு, உங்கள் படிவத்தை எடுத்துவாருங்கள், ஒன்றாகப் பார்ப்போம் என்பேன்.